விகாரத்துக்குப் பருவம் ஏது?

மலைமேல் உள்ள பௌத்த விகாரம் ஒன்றைக் காண விரும்புகிறவர் அதற்குரிய மலர்ப் பருவத்தில்தான் போகவேண்டும், மற்ற மாதங்களில் போவது வீண் சிரமம் என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடையே இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகிவிட்டது. புனேயில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களிடையே இது இரண்டு உருவங்களில் உலவுகிறது. பொருள் வசதி உடையவர்கள் பங்குனி மாதத்தில் ஜப்பானுக்குப் பிரயாணமாகி, யோஷினோ மலைக் கோவில்களைச் செர்ரி மலர்களின் நடுவே தரிசித்துத் திரும்பி, பௌத்தத்தின் சாரத்தையே கண்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் அதே கொள்கையை ஸஹ்யாத்ரி மலைக்குக் கொண்டுவந்து, கார்லா, பாஜா, பேட்சே ஆகிய குடைவரை விகாரங்களுக்கு ஆடி முதல் புரட்டாசி வரையில், மலை பசுமை போர்த்து, அருவி இறங்கி, காட்டுப் பூக்கள் மலிந்து கிடக்கும் நாட்களில்தான் போகவேண்டும் என்றும், மாசி பங்குனியில் போனால் காய்ந்த புல்லையும் சுட்ட பாறையையும் தவிர வேறொன்றும் காணக் கிடைக்காது என்றும் உபதேசிக்கிறார்கள். இந்தக் கொள்கை வரலாற்றுக்கும் விரோதம், தர்மத்துக்கும் விரோதம், அது உயர்த்திப் பிடிக்கும் மலருக்கே விரோதம் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியை அதன் பலமான உருவத்தில் எடுத்துரைப்பதே நியாயம். அவர்களுடைய ஆதாரங்கள் நான்கு. முதலாவது, பிக்ஷுக்கள் இயற்கையின் சௌந்தர்யத்துக்காகவே மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சௌந்தர்யம் உச்சத்தில் இருக்கும்போது காண்பதே அவர்கள் மனத்தை அறியும் வழி. இரண்டாவது, விகாரம் என்பது உலகத்தை விட்டு விலகிய ஏகாந்த ஸ்தலம். மூடுபனியும் பசுமையும் அந்த ஏகாந்தத்தை நமக்கு மீட்டுத் தருகின்றன. மூன்றாவது, பூத்தவுடன் உதிரும் மலர் அநித்தியத்தைப் போதிக்கிறது. ததாகதராகிய புத்தர் போதித்ததும் அதுவே. நான்காவது, பருவத்தில் வரும் கூட்டத்தால் மலையடிக் கிராமத்தார் பிழைக்கிறார்கள். கண்ணுக்கு இன்பமும், மனத்துக்குத் தத்துவமும், ஏழைக்கு வருமானமும் ஒருங்கே தருவதாகச் சொல்லும் கொள்கை பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இனி அது சோதனையைத் தாங்குகிறதா என்று பார்ப்போம்.

1. அழகுக்காகவா அவர்கள் மலை ஏறினார்கள்? கொங்கணக் கடற்கரையில் கல்யாண், சோபாரா ஆகிய துறைமுகங்களில் இறங்கிய சரக்கு தக்காணப் பீடபூமிக்கு ஏறவேண்டுமானால் கணவாய் வழியாகத்தான் ஏறவேண்டும். அந்தக் கணவாய்களின் வாயிலில்தான் விகாரங்கள் நிற்கின்றன. போர் கணவாய் ஏறி வருகிறவர் இந்திராயணிப் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் கார்லாவையும் மறுபக்கம் பாஜாவையும் காண்கிறார். நாணேகாட் ஏறி வருகிறவர் இருநூறுக்கும் மேற்பட்ட குடைவுகள் கொண்ட ஜுன்னர் மலைகளை அடைகிறார். பெர்குசன் கல்லூரியில் பாலி மொழி கற்பித்த தர்மானந்த கோஸாம்பியின் புதல்வரும், கணித மேதையுமான தா. த. கோஸாம்பி, புனேயிலிருந்து டெக்கான் குவீன் ரயிலில் பம்பாய்க்குப் போய்வந்து உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இந்த மலைகளைக் கால்நடையாக அளந்து, விகாரங்களின் வரிசையும் பழைய வாணிபப் பாதைகளின் வரிசையும் ஒன்றாகவே செல்கின்றன என்று விளக்கி எழுதினார். அதே பள்ளத்தாக்கில்தான் இன்று இருப்புப்பாதையும் அதிவேக நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. மளவ்லி ஸ்டேஷனில் இறங்குகிறவர் இரண்டு விகாரங்களுக்கும் நடந்தே போகலாம். குடைவதற்கு இசைந்த கரும்பாறையும், தொட்டிகளில் தேக்கிவைக்கத் தண்ணீரும், பிக்ஷைக்கு எட்டும் தூரத்தில் ஊரும், தானம் செய்ய வழிப்போக்கரும் வேண்டியிருந்த சங்கத்தார் அவற்றைக் கணக்கிட்டே இடம் தேர்ந்தார்கள். காட்சி அழகாக வாய்த்தது உண்மைதான். அதுவே காரணம் என்று சொல்வது, விளைவைக் கொண்டு காரணத்தைக் கற்பிப்பதாகும்.

2. ஏகாந்தம் என்கிறார்களே, அது எங்கே இருந்தது? கார்லாவின் பெரிய சைத்தியத்துக்குள் நுழைந்து பாருங்கள். ஏறத்தாழ 38 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் உள்ள அந்த மண்டபத்தில், ஸ்தூபத்தைச் சூழ நிற்கும் 37 தூண்களில் பல, தம்மைக் கொடுத்தவர் இன்னார் என்று பிராமி எழுத்தில் சொல்கின்றன. தேனுகாகடம் என்னும் ஊரிலிருந்து வந்த யவனர்கள் தூண் கொடுத்திருக்கிறார்கள். அவ்வூர்க் கந்தவியாபாரி ஸிம்ஹதத்தனும் தச்சன் ஸாமியும் வாயிலுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பிக்ஷுணிகளும் குடும்ப ஸ்திரீகளும் தங்கள் பங்கைச் செலுத்தியிருக்கிறார்கள். தெற்கே வைஜயந்தியிலிருந்து, அதாவது இன்றைய பனவாசியிலிருந்து, வந்த பூதபாலன் என்னும் சிரேஷ்டி, ஜம்புத்வீபத்திலேயே மிகச் சிறந்த இந்தச் சிலாமாளிகையை முற்றுவித்தவன் தானே என்று பெருமிதத்தோடு பொறித்து வைத்திருக்கிறான். பாஜாவில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வெட்டுவித்தவன் விஷ்ணுதத்தன் என்னும் மகாரதி. நமக்கு இது புதிய செய்தியாகவும் இருக்க வேண்டியதில்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்து மலையில் சமண முனிவர்களுக்குப் பாழி அமைக்கத் துணை நின்றோரில் வெள்ளறை நிகமத்து வணிகர்களும் உண்டென்பதை அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டே கூறுகிறது. துறவிக்கும் வணிகனுக்கும் இடையே இருந்த இந்தக் கொடுக்கல் வாங்கலை மறைத்துவிட்டு, பனிமூட்டத்துக்குள் தனித்திருந்த முனிவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறவர், கல்லிலேயே பெயர் எழுதிவைத்த நூறு மனிதர்களை ஒரு மேகத்துக்காக அழித்துவிடுகிறார்.

3. மழைக்காலத்தில் பிக்ஷு என்ன செய்தார் என்று இவர்கள் எப்போதாவது கேட்டதுண்டா? இந்தக் கேள்விதான் எதிர்க்கட்சியின் மர்மஸ்தானம். மழை பெய்து பூமி முளைவிடும் காலத்திலும் சாக்கிய புத்திரரைச் சேர்ந்த துறவிகள் ஊர் ஊராகத் திரிந்து இளம்புல்லை மிதித்துச் சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள், பறவைகூட அந்தக் காலத்தில் கூட்டில் அடங்கியிருக்கிறதே என்று ஜனங்கள் குறைகூறியதால்தான், மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கியிருக்கும் வர்ஷாவாசத்தைப் பகவான் விதித்தார் என்று விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. மலை விகாரங்களின் சிறப்பான பயன்களில் ஒன்று அந்தத் தங்கலே. க்ஷத்ரபன் நகபாணனுடைய மருமகன் உஷவதாதன், வலூரகம் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த கார்லாக் குகைகளில், எத்திசையிலிருந்து வந்தவராயினும் அங்கே மழைக்காலத்தைக் கழிக்கும் துறவிகளின் ஜீவனத்துக்காகக் கரஜிகம் என்னும் கிராமத்தையே தானமாகக் கொடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. ஆக, முளையை மிதிக்கக் கூடாது என்பதற்காக மனிதர் நடமாட்டத்தை நிறுத்திய பருவம் எதுவோ, அதே பருவத்தை நடமாட்டத்துக்குரிய பருவம் என்று நாம் கொண்டாடுகிறோம். அதையே அவர்களுடைய மனத்தை அறியும் மார்க்கம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

இதன் பலன் வெறும் தத்துவ முரண்பாட்டோடு நிற்கவில்லை. சாதாரா மாவட்டத்துக் காஸ் பீடபூமி, 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலர்ப் பரப்பு. பூக்கும் வாரங்களில் வரும் ஜனத்திரளின் காலடியிலிருந்து பூவைக் காப்பதற்காக, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூன் 30ஆம் தேதி லோணாவளாவில் புஷி அணைக்கு அருகேயுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2025 ஜூன் 15ஆம் தேதி தளேகாவுக்கு அருகே குண்ட்மளாவில், இந்திராயணியின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நிறைந்திருந்த வேளையில் இடிந்து நால்வர் மாண்டார்கள். எல்லாரும் ஒரே பருவத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும் என்னும் உபதேசத்துக்கு இந்த அபாயங்களில் பங்கில்லை என்று யார் துணிந்து சொல்வார்?

4. பார்ப்பதற்குத்தான் போகிறோம் என்றால், பார்வைக்கு எது உகந்த காலம்? கார்லாவும் பாஜாவும் மேற்கு நோக்கியவை. மேகமில்லாத மாதங்களில் பிற்பகல் சாயும்போது, முகப்பிலுள்ள பெரிய லாட வடிவச் சாளரத்தின் வழியே வெயில் புகுந்து, நடுக்கூடத்தில் நீண்டு, ஸ்தூபத்தை எட்டுகிறது. கல்லைக் குடைந்த பிறகு கூரையில் பொருத்திய மரவளைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருப்பதையும், கார்லா ஸ்தூபத்தின் உச்சியில் மரக்குடை நிற்பதையும், தூண்களின் தலையில் யானைமீது அமர்ந்த தம்பதிகளின் முகபாவத்தையும் அந்த ஒளியில்தான் காணமுடியும். எழுத்துக்களின் பள்ளத்தில் நிழல் விழுந்து கல்வெட்டு கண்ணுக்குப் புலனாவதும் அப்போதுதான். ஆவணி மாதத்து மூட்டத்தில் உள்ளே இருட்டு, வெளியே வழுக்கல். அக்காலத்தில் பாஜாவுக்குப் போகிறவர்களில் மிகப் பலர் அருவியில் நனைந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் 27 எண்பட்டைத் தூண்களையோ, காலமான தேரர்களின் நினைவாக எழுப்பி அவர்களுள் சிலரின் பெயரும் பொறித்த 14 ஸ்தூபங்களின் கூட்டத்தையோ அவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலின் வாழைமரத்தைப் பார்த்துவிட்டு மணமக்களைப் பாராமல் திரும்புகிறவனை நாம் விருந்தினன் என்று சொல்வதில்லை.

கண்ணுக்கு இனிமையாக்கும் ஆசை கல்லையும் விட்டுவைக்காது என்பதற்குப் பேட்சேயே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குகைகளைக் காண வரும் வெள்ளைக்காரத் துரைகளைத் திருப்தி செய்யவேண்டி உள்ளூர் அதிகாரிகள் சுவருக்கு வர்ணம் பூசுவித்ததில், பழைய காரையும் அதன்மேலிருந்த ஓவியத்தின் எச்சமும் போயின. வருகிறவனின் ரசனைக்காக ஸ்தலத்தைத் திருத்தவேண்டும் என்னும் அதே புத்திதான் இன்று வருகிறவனின் ரசனைக்காகப் பருவத்தை விதிக்கிறது.

5. சரி, பூவே பிரதானம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்போதும் அவர்கள் கணக்குத் தவறு. ஜப்பானில் செர்ரி பூக்கத் தொடங்கும் நாட்களை ஒட்டியே, பாறை மட்டும்தான் மிஞ்சுகிறது என்று அவர்கள் தள்ளிவைத்த மாசி பங்குனியில், ஸஹ்யாத்ரிச் சரிவுகளில் புரசும் இலவும் கல்யாண முருங்கையும் ஓர் இலைகூட இல்லாமல் செக்கச் செவேலென்று பூத்து நிற்கின்றன. அவற்றைத் தொடர்ந்து புங்கு பூத்து, மரத்தடி முழுவதும் வெளிர் ஊதாவில் உதிர்ந்து கிடக்கிறது. அந்தப் புங்குக்கும் விகாரத்துக்கும் உள்ள உறவு ஊகமன்று. ஜுன்னர் மலைக் கல்வெட்டு ஒன்றில், அடுதுமன் என்னும் சகர் இனத்தவன் ஒருவன், வடாலிகா என்னும் ஊரில் 20 நிவர்த்தன நிலத்தின் வருவாயைப் புங்கமரம் நடுவதற்கும், வேறோர் ஊரில் 9 நிவர்த்தன நிலத்தின் வருவாயை ஆலமரம் நடுவதற்கும் ஒதுக்கி, அதை ஒரு தொழிற் சிரேணியின் பொறுப்பில் வைத்திருக்கிறான். நம் ஊர்த் தெருவோரத்தில் சித்திரை வெயிலில் நிழல் தரும் அதே புங்கமரம், இந்த மலை விகாரங்களின் சொந்த வசந்தம்; அதைப் பார்க்க ஆள் இல்லை.

யோஷினோவை எடுத்துக்காட்டுகிறவர்களும் பாதி உண்மையையே எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த மலையில் நிற்கும் சுமார் 30,000 செர்ரி மரங்கள் வேடிக்கைக்காக உண்டான தோட்டம் அல்ல. கின்புசென்ஜி ஆலயத்தின் ஸாஓ கோங்கென் என்னும் தெய்வத்துக்கு அந்த மரம் உகந்தது என்று நம்பிய யாத்ரிகர்கள், தலைமுறை தலைமுறையாகக் காணிக்கையாக நட்டவை அவை. அங்கே மலர் பக்தியின் விளைவு. பூவை மட்டும் எடுத்துக்கொண்டு பக்தியை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. மேகாலயத்து ஷில்லாங்கில் கார்த்திகையில் பூக்கும் இமாலயச் செர்ரியை வைத்து 2016இல் தொடங்கிய விழா, இன்று வெளிநாட்டுப் பாடகர்களின் கச்சேரிக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. பெங்களூரிலோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த தபேபுயா மரத்தையே செர்ரி என்று அழைத்து மனம் நிறைந்துகொள்கிறார்கள். பிறர் பருவத்தை இரவல் வாங்குகிறவன் தன் வாசலில் பூத்ததைக் காணாமற் போவதில் வியப்பில்லை.

6. மலர் அநித்தியத்தைப் போதிக்கிறது என்பது மெய்தானா? எதிர்க்கட்சியின் மூன்றாவதும் மிகவும் கௌரவமானதுமான வாதம் இது. ஆகவே இதைச் சற்று நின்று ஆராய வேண்டும். பூவுக்கு என்று ஒரு போதனை கிடையாது. பார்க்கிறவன் கொண்டுபோகும் கருத்தையே அது திருப்பித் தருகிறது. அதே செர்ரி மலரைக் காட்டித்தான் இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ராணுவம் தன் வாலிபர்களுக்குச் சக்கரவர்த்திக்காக அழகாக உதிர்ந்துவிடுங்கள் என்று கற்பித்தது. 1945இல் எதிரிக் கப்பல்மீது மோதிச் சாகும்படி விமானியோடு ஏவிய வெடிவிமானத்துக்கு ஓகா, அதாவது செர்ரிப் பூ என்றே பெயர் சூட்டினார்கள். அநித்தியம் என்னும் கருத்து அகிம்சை என்னும் ஒழுக்கத்திலிருந்து பிரிந்துபோனால், மரணத்தை அலங்கரிக்கும் கருவியாகவும் அது வேலை செய்யும்.

இதற்கும் மேலே ஒரு பிரமாணம் இருக்கிறது. குசிநாரையில் இரண்டு சாலமரங்களுக்கிடையே பகவான் சயனித்திருந்தபோது, அம்மரங்கள் பருவமில்லாத காலத்தில் பூத்து அவருடைய திருமேனிமீது மலர் சொரிந்தன என்றும், அதைக் கண்ட ஆனந்தரிடம், ததாகதருக்குச் செய்யும் மெய்யான பூஜை இதுவன்று, தர்மத்தின்படி நடக்கும் பிக்ஷுவும் பிக்ஷுணியும் உபாசகனும் உபாசிகையுமே அவரை மெய்யாக வணங்குகிறவர்கள் என்று அவர் சொன்னார் என்றும் மகாபரிநிர்வாண சூத்திரம் கூறுகிறது. மலர் மழையே தன்மீது பெய்துகொண்டிருந்த நேரத்தில், கடைசிப் படுக்கையில், இதை வணக்கமென்று ஏற்க மறுத்தவரின் விகாரத்துக்கு, மலர் இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று நாம் நிபந்தனை போடுகிறோம்!

7. பிழைப்பு என்னும் கடைசி வாதத்துக்கு என்ன பதில்? அது மனிதாபிமானம் உள்ள வாதமாகையால், அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஆனால் அது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. மூன்று மாதம் மூச்சு முட்டும் கூட்டமும் ஒன்பது மாதம் வெறிச்சோடிய கடையும் ஒரு கிராமத்துக்குப் பிழைப்பாகாது. அதே ஜனங்கள் பன்னிரண்டு மாதங்களிலும் பரவி வந்தால் சோளக்கதிர் சுட்டு விற்பவளுக்கும் ஆட்டோக்காரருக்கும் ஆண்டு முழுவதும் வருமானம் உண்டு. பருவத்தை நம்பாத யாத்திரை சாத்தியமா என்று சந்தேகிப்பவர்கள் கார்லாவின் படிகளையே பார்க்கட்டும். சைத்தியத்தின் முன்வாசலிலேயே கோவில்கொண்டுள்ள ஏகவீரா தேவியைக் குலதெய்வமாகக் கொண்ட கோளி மக்கள், எதிர்க்கட்சியார் வெறும் பாறை என்று கைவிட்ட சைத்திர மாதத்து வெயிலில்தான் யாத்திரைக்குத் திரண்டு ஏறுகிறார்கள். 1954 டிசம்பர் 25ஆம் தேதி புனேக்கு அருகே தேஹு ரோட்டில் டாக்டர் அம்பேத்கர் புத்தர் திருவுருவத்தைப் பிரதிஷ்டை செய்தார். அன்று அங்கே கூடியவர்களின் சந்ததியாருக்கு இக்குகைகள் முன்னோர் சொத்து, சுற்றுலா ஸ்தலம் அல்ல. பாஜா மலையடியில் இன்றும் ஒரு பௌத்தத் தியான நிலையம் நடக்கிறது. அங்கே வந்து அமர்கிறவர்கள் எந்த மரம் பூத்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை.

நான் மழைக்கும் மலருக்கும் பகைவன் என்று யாரும் எண்ணவேண்டாம். அழகை ரசிக்க மலைக்குப் போகிறவர் தாராளமாகப் போகட்டும்; அழகு பார்க்கப் போகிறேன் என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டு, பூ மிதிபடாத பாதையில், வெள்ளம் வராத இடத்தில் நின்று பார்த்து வரட்டும். அதை விகார தரிசனம் என்று சொல்வதுதான் என் ஆட்சேபம். விகாரத்தைக் காணப் போவேன் என்கிறவருக்கு வேறு தயாரிப்பு வேண்டும்: அந்த மண்டபத்தைக் கொடுத்தவர் யார், அதில் தங்கியவர் எந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தார், அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, சோறு யார் போட்டார் என்னும் நான்கு கேள்விகளுக்காவது விடை தேடிக்கொண்டு ஏறவேண்டும். அந்தக் கேள்விகளோடு போகிறவருக்கு எந்த மாதமும் நல்ல மாதமே. அவை இல்லாமல் போகிறவர் எவ்வளவு பூ பூத்திருந்தாலும் விகாரத்தைப் பார்த்தவராகமாட்டார். யவனனும் சகனும் தச்சனும் கந்தவியாபாரியும் ஆண்டு முழுவதற்குமாகக் கொடுத்த ஒன்றைச் சில வாரங்களுக்குச் சுருக்கும் உரிமையை நமக்குக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.